உறுமுகிற நாய் எதற்காக உறுமுகிறது? ஒரு பிழையான கோட்பாட்டின் வரலாறு

எங்கட ஊர்களில் நாய் வளர்க்கிற எவருக்கும் இது புதிய விசயம் இல்லை. நாள் முழுக்க வாலை ஆட்டிக்கொண்டு காலுக்குள் திரிகிற நாய், ஒரு இறைச்சி எலும்பு கிடைத்ததும் வேறு நாயாகிவிடும். வேலிக்கரையில் போய்ப் படுத்து, உடம்பை விறைப்பாக்கி, எலும்பின் மேல் தலையைக் கவிழ்த்து வைத்திருக்கும். ஆராவது கிட்டப் போனால் கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். இன்னும் கிட்டப் போனால் உறுமும். அந்த நேரத்தில் வருகிற ஆலோசனையும் எல்லாருக்கும் பாடம். "உறுமினா விடாத, ரெண்டு போடு. ஆர் எசமான் எண்டு அதுக்குத் தெரியவேணும்."

இப்ப இதே ஆலோசனை யூரியூப் வழியாகவும் வருகிறது. நாய் ஓநாயின் வழிவந்தது. ஓநாய்க் கூட்டத்துக்கு ஒரு 'அல்ஃபா' இருக்கும். உங்கள் நாய் எலும்புக்கு உறுமுகிறது என்றால், அந்த அல்ஃபா இடத்தை உங்களிடமிருந்து பறிக்கப் பார்க்கிறது. ஆகவே சாப்பாட்டுக் கோப்பையைப் பறியுங்கள், நாயை மல்லாக்கப் புரட்டி அமத்திப் பிடியுங்கள், நீங்கள்தான் தலைவர் என்று காட்டுங்கள்.

அம்மம்மா சொன்னால் ஊர்ப்பேச்சு என்று தள்ளிவிடுகிற நாங்கள், அதையே 'அல்ஃபா' என்ற சொல்லோடு கேட்டால் விஞ்ஞானம் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் இந்த 'விஞ்ஞானத்துக்கு' ஒரு பிறந்த இடம் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது. ஒரு சாசனத்தைக் கையில் எடுத்தால் வரலாற்று மாணவர் முதலில் கேட்பது இதைத்தான்: யார் எழுதினார், எங்கே இருந்து பார்த்தார், எந்த நிலைமையில் பார்த்தார்? அல்ஃபா கோட்பாட்டிடமும் அதே கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

பொலிஸ் நாயும் பிரம்பும்

நவீன நாய்ப் பயிற்சியைப் பற்றிய முக்கியமான ஆரம்ப நூல்களில் ஒன்று 1910இல் ஜேர்மன் மொழியில் வந்தது. எழுதியவர் கொன்ராட் மோஸ்ட். சார்ப்ரூக்கன் நகரில் பொலிஸ் அதிகாரியாக இருந்தவர். 1906இல் இருந்து பொலிஸ் நாய்களைப் பழக்கியவர். பிறகு ஜேர்மன் இராணுவத்தின் நாய்ப் பயிற்சியிலும் பெரிய பங்கு வகித்தார்.

மோஸ்ட்டை வெறும் முரடன் என்று ஒதுக்க முடியாது. நாய் மனிதரைப் போல நல்லது கெட்டது யோசித்து நடப்பதில்லை, ஒரு செயலுக்கு உடனே என்ன விளைவு வருகிறதோ அதிலிருந்துதான் படிக்கிறது என்பதை அவர் அந்தக் காலத்திலேயே விளங்கி எழுதினார். வெகுமதியை எந்தக் கணத்தில் கொடுக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதே நூலில்தான் இன்னொரு கருத்தும் இருந்தது. நாய்க்கு மனிதன் கூட்டத் தலைவனாகத் தெரிய வேண்டும், தேவைப்பட்டால் உடல் பலத்தால் அதை நிலைநாட்ட வேண்டும். அதற்குப் பிரம்பும் கழுத்துப்பட்டியும் கருவிகள்.

இரண்டு உலகப் போர்களிலும் நாய்கள் பெருமளவில் பயன்படுத்தப்பட்டன. போருக்காக நாய் பழக்கியவர்கள், போர் முடிந்ததும் வீட்டு நாய்களைப் பழக்க வந்தார்கள். அமெரிக்காவில் அப்படி வந்தவர்களில் பேர்பெற்றவர் வில்லியம் கோலர். இரண்டாம் உலகப் போரில் இராணுவ நாய்களைப் பழக்கி, பிறகு டிஸ்னி படங்களுக்கு மிருகங்களைப் பழக்கியவர். 1962இல் வந்த அவருடைய நூல் பல பதிப்புகள் கண்டது. கழுத்தை இறுக்கும் சங்கிலிதான் அதன் மையம். முற்றத்தில் குழி தோண்டுகிற நாயைத் திருத்த, அந்தக் குழியிலேயே தண்ணீரை நிரப்பி நாயின் மூஞ்சியை அதற்குள் அமத்தச் சொல்கிற அளவுக்கு அந்த நூல் போகிறது.

இந்த மரபில் நாய் ஒரு சிப்பாய். சிப்பாய்க்கு உடைமை இல்லை, கட்டளை மட்டும்தான் இருக்கிறது. அப்படிப் பார்க்கிற கண்ணுக்கு, எலும்பை விடமாட்டேன் என்று உறுமுகிற நாய், துவக்கைத் திருப்பிக் கொடுக்க மறுக்கிற சிப்பாயாகத்தான் தெரியும். இராணுவத்தில் அதற்குப் பெயர் கலகம்.

வொலிபோல் கோர்ட் அளவு காடு

பிரம்புக்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்தது 1947இல். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ருடொல்ஃப் ஷெங்கல் என்ற விலங்கியலாளர், பாசெல் மிருகக்காட்சிசாலையில் இருந்த ஓநாய்களைப் பல வருடங்களாகக் கவனித்து ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். கூட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் படிநிலை இருக்கிறது, மேலிடத்துக்காக ஓயாத போட்டி நடக்கிறது, மேலே இருக்கிற சோடி மற்றவற்றை அடக்கி வைத்திருக்கிறது என்று அவர் விவரித்தார். ஓநாய்களைப் பற்றிய அல்ஃபா கதை இங்கிருந்துதான் பரவியது.

இப்ப எங்கட மூன்று கேள்விகளுக்கு வருவம். எங்கே பார்த்தார்? சுமார் 10 மீற்றர் அகலமும் 20 மீற்றர் நீளமும் உள்ள ஒரு அடைப்புக்குள். அதற்குள் 10 ஓநாய்கள் வரை இருந்திருக்கின்றன. வொலிபோல் கோர்ட் ஒன்றின் அளவு 9க்கு 18 மீற்றர். அதைவிடக் கொஞ்சம் பெரிய இடம், அவ்வளவுதான். காட்டில் ஒரு ஓநாய்க் குடும்பம் திரிகிற பரப்பு நூற்றுக்கணக்கான சதுர கிலோமீற்றர். வடக்குப் பனிப்பிரதேசங்களில் சில குடும்பங்களின் எல்லைக்குள் யாழ்ப்பாண மாவட்டம் முழுவதையும் வைத்துவிடலாம்.

எந்த நிலைமையில் பார்த்தார்? காட்டில் வளர்ந்த ஓநாய்க்குட்டி பெற்றோரோடு ஒத்துப்போகாத வயது வந்தால் தன்பாட்டில் வெளிக்கிட்டுப் போய்விடும். கூண்டில் அந்த வழி இல்லை. பிடிக்காதவனோடும் ஒரே மூலையில் படுக்க வேண்டும். சாப்பாடு ஒரு இடத்தில், ஒரு நேரத்தில் வந்து விழும். அங்கே சண்டை நடக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

ஷெங்கல் பொய் எழுதவில்லை. கண்டதை எழுதினார். ஆனால் இடம்பெயர்ந்தோர் முகாமில் தண்ணீர் பவுசருக்கு முன்னால் சனம் நெருக்குப்படுவதை மட்டும் பார்த்து, 'இதுதான் இந்தச் சனத்தின் இயல்பு' என்று ஒருவர் ஆய்வு எழுதினால் நாங்கள் என்ன சொல்லுவம்? அடைத்து வைத்தவனைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்போமா இல்லையா? அந்தக் கேள்வியை ஓநாய்களின் சார்பில் கேட்க நீண்ட காலம் எவரும் இருக்கவில்லை.

ஒரே புத்தகத்துக்குள் இரண்டு உண்மைகள்

அல்ஃபா என்ற சொல்லைப் பொதுமக்களிடம் கொண்டுபோனதில் பெரிய பங்கு டேவிட் மீச் என்ற அமெரிக்க ஓநாய் ஆய்வாளருடையது. 1958இல் இருந்து ஓநாய்களை ஆராய்ந்து வந்தவர். அதுவரை ஓநாய்களைப் பற்றி அறியப்பட்டவற்றைத் திரட்டி அவர் எழுதிய 'ஓநாய்' என்ற நூல் 1970இல் வந்தது. ஷெங்கலின் கண்டுபிடிப்புகளும் அதற்குள் இடம்பிடித்தன. நூல் நன்றாக விற்பனையானது.

அந்தக் கருத்து நாய் வளர்ப்பவர்களின் வீடுகளுக்குள் போகக் கனகாலம் எடுக்கவில்லை. நியூயோர்க் மாநிலத்தில் உள்ள நியூ ஸ்கீற் மடத்தின் துறவிகள் ஜேர்மன் ஷெப்பேர்ட் நாய்களை வளர்த்துப் பழக்குபவர்கள். 1978இல் வந்த அவர்களின் நூல், அடங்காத நாயை மல்லாக்கப் புரட்டி அமத்திப் பிடிக்கிற 'அல்ஃபா புரட்டல்' முறையைப் பிரபலமாக்கியது. நூலின் மற்றப் பக்கங்களில் நாய் மேல் இருக்கிற அன்பு உண்மையானது. அன்பானவர்கள் சொன்னதாலேயே அந்த முறை இன்னும் கெதியாகப் பரவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கிடையில் மீச் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவுக்குப் போனார். 1986இல் இருந்து 1998 வரை, கோடைக்கு கோடை, காட்டு ஓநாய்களுக்குப் பக்கத்தில் இருந்து அவற்றைப் பார்த்தார். அங்கே அவர் கண்டது அரண்மனைச் சதி மாதிரி எதுவும் இல்லை. ஒரு தாய், ஒரு தகப்பன், அவற்றின் பிள்ளைகள். பெற்றோர் முன்னால் போகின்றன, பிள்ளைகள் பின்னால் போகின்றன. தலைமைக்காக அடிபடுகிற காட்சியே அவருக்குக் கிடைக்கவில்லை. 1999இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது சாதாரணமாக ஒரு குடும்பம், அதன் பெற்றோரை 'அல்ஃபா' என்று அழைப்பதில் பொருள் இல்லை. தன்னுடைய பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தச் சொல்லிப் பதிப்பகத்திடம் அவர் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 2022இல்தான் அது நின்றது.

இந்தக் கட்டுரைக்கு இன்னும் முக்கியமான விசயம் வேறு. மீச் 1970ஆம் ஆண்டு நூலிலேயே இன்னொன்றையும் பதிந்திருந்தார். ஒவ்வொரு ஓநாயின் வாயைச் சுற்றியும் ஒரு சிறிய 'உடைமை வலயம்' இருக்கிறது. அந்த வலயத்துக்குள் இருக்கிற இறைச்சி, அதை வைத்திருக்கிற ஓநாயுடையது. கூட்டத்தில் ஆகக் கீழே இருக்கிற ஓநாயும் அதை விட்டுக்கொடுக்காமல் காக்கப் பார்க்கும். மற்றது எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

அதாவது வாயில் இருப்பதைக் காப்பதற்கும் தலைமைக்கு ஆசைப்படுவதற்கும் ஓநாய்களிலேயே தொடர்பு இல்லை. ஒரே புத்தகத்துக்குள் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று அதிகாரத்தைப் பற்றியது, மற்றது உடைமையைப் பற்றியது. உலகம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டாவதைக் காணாமல் விட்டது. வாசகர் ஒரு நூலில் ஏற்கனவே தான் நம்புவதைத்தான் தேடி எடுப்பார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. நாய் ஓநாயிலிருந்து பிரிந்து குறைந்தது 14,000 ஆண்டுகள் ஆகின்றன. எங்கட சந்தையடியில் படுத்திருக்கிற நாய்களைப் பாருங்கள். அவை கூட்டமாக வேட்டையாடிச் சாப்பிடுவதில்லை. மனிதர் எறிவதைத் தனித்தனியாகப் பொறுக்கித் தின்கின்றன. கிடைத்ததைக் காக்கத் தெரியாத நாய்க்கு அங்கே அன்றைக்குப் பட்டினிதான். உறுமல் அவற்றுக்குப் பிழைப்பு.

டொல்பினுக்குக் கழுத்துப்பட்டி போட முடியாது

பிரம்பின் வரலாறு ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில் இன்னொரு வரலாறும் சத்தமில்லாமல் ஓடியது. ரஷ்யாவில் இவான் பாவ்லோவ், சாப்பாட்டோடு சேர்ந்து வருகிற சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டியது பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. இதன் பொருள் எச்சிலோடு நிற்பதில்லை. எந்த அடையாளம் நல்லதோடு சேர்ந்து வருகிறதோ, அந்த அடையாளத்தைப் பற்றி மிருகத்தின் உடம்பே நல்லதாக உணரத் தொடங்குகிறது. கெட்டதோடு சேர்ந்து வந்தால் மறுவளம்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1951இல், பொதுமக்களுக்காக ஒரு சஞ்சிகைக் கட்டுரை எழுதினார். 'கிளிக்' என்று சத்தம் போடுகிற ஒரு சிறு விளையாட்டுச் சாமானையும் சாப்பாட்டையும் வைத்துக்கொண்டு நாயை எப்படிப் பழக்கலாம் என்று அதில் விளக்கினார். அவருடைய மாணவர்களான கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதி 1940களிலேயே இந்த முறையைத் தொழிலாக்கி, கோழியில் இருந்து பன்றி வரைக்கும் பழக்கிக் காட்டினார்கள். ஆனால் நாய்ப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் சங்கிலி இருந்தது, அது போதும் என்று நினைத்தார்கள்.

சங்கிலி உதவாத இடத்தில் இருந்துதான் மாற்றம் வந்தது. 1960களில் ஹவாயில் டொல்பின்களைப் பழக்கியவர் கரென் பிரையர். டொல்பினுக்குக் கழுத்துப்பட்டி போட முடியாது, பிரம்பால் அடிக்க முடியாது. பிடிக்காவிட்டால் அது நீந்திப் போய்விடும். ஆகவே விசிலும் மீனும்தான் கருவிகள். அந்த அனுபவத்திலிருந்து அவர் 1984இல் எழுதிய நூல், வெகுமதியால் பழக்குகிற முறையை நாய் வளர்ப்பவர்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. 1980களில் இயன் டன்பார் என்ற மிருக வைத்தியர் கலிபோர்னியாவில் குட்டி நாய்களுக்குச் சங்கிலி இல்லாத வகுப்புகளைத் தொடங்கினார். 2002இல் ஜீன் டொனால்ட்சன், நாய்கள் தம்மிடம் இருப்பதைக் காப்பதைப் பற்றி மட்டும் ஒரு கைந்நூல் எழுதினார். அதன் தலைப்பே 'என்னுடையது!' என்பதுதான். அதே 2002இல் நியூ ஸ்கீற் துறவிகள் தங்கள் நூலைத் திருத்தி வெளியிட்டு, அல்ஃபா புரட்டல் வேண்டாம் என்றார்கள்.

உறுமலை அடித்து நிறுத்தினால்

எண்களும் இருக்கின்றன. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மெகான் ஹெரனும் சக ஆய்வாளர்களும், நடத்தைப் பிரச்சினைக்காக நாயைக் கொண்டுவந்த 140 உரிமையாளர்களின் பதில்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு முறையையும் பயன்படுத்தியபோது எத்தனை நாய்கள் மூர்க்கமாக எதிர்த்தன என்பது கேள்வி. அடித்தபோது அல்லது உதைத்தபோது 43 சதவீதம். வாயில் இருந்ததை வலுக்கட்டாயமாகப் பறித்தபோது 39 சதவீதம். அல்ஃபா புரட்டலுக்கு 31 சதவீதம். இவை ஏற்கனவே பிரச்சினை உள்ள நாய்கள் என்பதை மறக்கக்கூடாது. ஆனால் 'அடிச்சுத் திருத்து' என்ற ஆலோசனை போய்ச் சேருவதும் அப்படியான நாய்களிடம்தானே.

தொலைக்காட்சியிலும் இது பதிவாகியிருக்கிறது. 'அல்ஃபா' பேச்சை உலகம் முழுக்கக் கொண்டுபோன சீசர் மிலானின் நிகழ்ச்சி 2004இல் தொடங்கியது. 2012இல் வந்த ஒரு பகுதியில் ஹொலி என்ற லாப்ரடோர் நாய் சாப்பாட்டுக் கோப்பையைக் காக்கிறது. அவர் விடாமல் அதை நெருக்கி நிற்கிறார். நாய் அவருடைய கையைக் கடித்தது.

காரணம் சிக்கலானது இல்லை. நாய் உறுமுவது 'இதை என்னிடமிருந்து எடுத்துப்போடுவாய் என்று பயமாயிருக்குது' என்பதற்காக. நாங்கள் அடித்து, எலும்பையும் பறித்தால், அது பயந்தது சரியென்று நாங்களே நிரூபிக்கிறோம். அடுத்தமுறை அது இன்னும் தூரத்திலேயே உறுமும். அல்லது உறுமலுக்கு அடி விழும் என்று படித்து, உறுமாமல் நேரே கடிக்கும். உறுமல் ஒரு எச்சரிக்கை மணி. மணியைக் கழற்றி எறிந்தால் நெருப்பு அணையாது.

அப்ப என்ன செய்யிறது?

புதிய முறையின் தருக்கம் பாவ்லோவின் தருக்கம்தான். மனிதர் கிட்ட வருவது இழப்பின் அடையாளமாக இருக்கிறது, அதை வரவின் அடையாளமாக மாற்ற வேண்டும்.

முதலில், சாப்பிடுகிற நாயைச் சும்மா விட வேண்டும். கோப்பைக்குள் கைவிடுகிற 'பழக்கல்' வேண்டாம். பிறகு, நாய் சோறு தின்னும்போது, அது விறைக்காத தூரத்தில் நின்று, சோற்றை விட அதற்கு விருப்பமான ஒன்றை எறிந்துவிட்டுப் போய்விடுங்கள். முள் எடுத்த மீன் துண்டு, எலும்பில்லாத இறைச்சித் துண்டு எதுவும் சரி. பாண் துண்டு எறிந்தால் வேலைக்கு ஆகாது, அதை விடச் சோறே நல்லம் என்று நாய்க்குத் தெரியும். சில நாட்களில் உங்களைக் கண்டதும் அது கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தி வாலை ஆட்டும். அப்போதுதான் ஒரு அடி கிட்டப் போகலாம். உடம்பு விறைத்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், திரும்பப் பழைய தூரத்துக்குப் போங்கள். செருப்பையோ துவாயையோ கவ்விக்கொண்டு போனால் துரத்தாமல், வேறொன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். ஆபத்தில்லாத சாமான் என்றால் பார்த்துவிட்டுத் திருப்பியும் கொடுங்கள். கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்பதை நாய் படிக்க வேண்டும்.

இதற்கு நாட்களும் கிழமைகளும் எடுக்கும். அதுவரை சாப்பாட்டு நேரத்தில் சின்னப் பிள்ளைகளை நாய்க்குக் கிட்ட விடக்கூடாது. ஏற்கனவே கடித்த நாய் என்றால் தனியாக முயலாமல் மிருக வைத்தியரிடம் கதையுங்கள். கடி விழுந்தால் உடனே சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விசர்நாய்க்கடி விசயத்தில் விளையாட்டு இல்லை.

கோட்பாடு ஏன் சாகவில்லை?

கோட்பாட்டின் பெயரோடு சேர்ந்துபோன ஆய்வாளரே வேண்டாம் என்ற பிறகும் அல்ஃபா ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது? ஒரு காரணம், அடி உடனே பலன் காட்டும். அடிபட்ட நாய் அடங்கிப் படுக்கும். அடங்கியது பயத்திலா, விளங்கியதிலா என்று பார்க்க எங்களுக்கு நேரம் இல்லை. இன்னொரு காரணம், அந்தக் கோட்பாடு எங்களுக்குத் தெரிந்த உலகத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. 'அடியாத மாடு படியாது' என்று வகுப்பறையிலும் வீட்டிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கேள்வி கேட்பது எதிர்த்துக் கதைப்பது, தன் சாமானை விடமாட்டேன் என்பது அடங்காத்தனம் என்று பழகிவிட்டோம். ஓநாயைப் பற்றிய ஒரு கதை அதையே இயற்கை என்று சொன்னால் நம்புவதற்கு என்ன கஷ்டம்?

இன்றைக்கு அதே சொல் ரிக்ரொக்கில் 'அல்ஃபா ஆண்' என்று எங்கட வயதுப் பெடியளிடம் விற்கப்படுகிறது. அடக்கு, இரக்கம் காட்டாதே, அதுதான் இயற்கை என்கிறார்கள். அந்த 'இயற்கை' பாசெலில் ஒரு அடைப்புக்குள் எழுதப்பட்டது என்பதை அதைப் பார்க்கிறவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். அடைப்புக்கு வெளியே பார்த்தபோது அங்கே ஒரு தாயும் தகப்பனும் பிள்ளைகளும்தான் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து.

நாய் எலும்போடு வேலிக்கரையில் படுத்து உறுமினால், அது எவருடைய கதிரையையும் பிடிக்கப் பார்க்கவில்லை. கிடைத்த எலும்பைத் தின்று முடிக்கப் பார்க்கிறது. தின்னட்டும்.